கோடா, தேய்ப்பா? ஒரு முட்டையை வைத்து ஓர் ஒப்பீடு

பென்சிலில் வரையப் பழகுகிறவர்கள் வெளிக்கோட்டை ஒருவழியாகப் போட்டுவிடுவார்கள். ஷேடிங்கில்தான் மாட்டிக்கொள்வார்கள். கோடு கோடாக இழுத்து நிழல் ஏற்றுவது ஹேட்சிங். பென்சில் தூளைத் தேய்த்துப் பரப்புவது ஸ்மட்ஜிங். எதில் தொடங்கலாம்? வெள்ளை முட்டை ஒன்றை மேசையில் வைத்து, ஒரு பக்கமிருந்து மட்டும் விளக்கு வெளிச்சம் விழவிட்டு, இரண்டு முறையிலும் வரைந்து பாருங்கள்.

முதலில் ஹேட்சிங். 2பி பென்சிலை (பி எண் கூடக்கூட மென்மையும் கருமையும் கூடும்) முனையிலிருந்து நான்கைந்து சென்டிமீட்டர் தள்ளிப் பிடியுங்கள். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில், ஒரே அழுத்தத்தில் கோடுகள். கருமை வேண்டிய இடத்தில் அழுத்தாதீர்கள். மேலே இன்னொரு அடுக்கு போடுங்கள். அந்த அடுக்கு முதல் அடுக்கைச் சுமார் 30 பாகையில் வெட்டட்டும். 90 பாகையில் வெட்டினால் முட்டைமேல் கொசுவலை போர்த்திய மாதிரி இருக்கும். பலருக்கும் கோட்டின் நுனியில் ஒரு சின்னக் கொக்கி விழும். கை நின்ற பிறகு பென்சிலைத் தூக்குவதால் வருவது அது. கை ஓடும்போதே தூக்கிவிட்டால் நுனி தானாக மெலியும். கோணம் சிக்கலானால் மணிக்கட்டை முறுக்க வேண்டாம், தாளைத் திருப்புங்கள்.

இடக்கைக்காரர்கள் பாடப்படங்களில் உள்ள சாய்வை அப்படியே பின்பற்றத் தேவையில்லை. இடக்கைக்காரரான லியொனார்டோ டாவின்சியின் கோடுகள் மேல் இடமிருந்து கீழ் வலமாகத்தான் சாய்ந்திருக்கும்.

இனி ஸ்மட்ஜிங். 2பியால் மெல்லிய பூச்சு போட்டு, காகித ஸ்டம்ப் (இறுகச் சுருட்டிய காகிதக் குச்சி) அல்லது டிஷ்யூவால் வெளிர்ந்த பகுதியிலிருந்து கருத்த பகுதிக்குத் தேய்க்க வேண்டும். திசை மாறினால் கருமை வெளிச்சத்துக்குள் இழுபடும். விரலால் தேய்க்கவே கூடாது. தோலின் எண்ணெய் தாளில் இறங்கி, அந்த இடம் திட்டுத்திட்டாகக் கருக்கும். ரப்பருக்கும் சரியாக அசையாது. தாளும் முக்கியம்: 150 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) கார்ட்ரிட்ஜ் எனும் தடித்த வரைதாள் தாங்கும், 70, 80 ஜிஎஸ்எம் ஜெராக்ஸ் தாளில் நாலு முறை தேய்த்தால் நார் எழும்பிவிடும். ஸ்டம்ப் அழுக்கானால் உப்புத்தாளில் உரசிக்கொள்ளலாம்.

வேகத்தில் ஸ்மட்ஜிங்தான் முந்தும். பார்த்ததும் வழவழப்பாக அழகாகவும் தெரியும். சிக்கலே அந்த அழகில்தான். முட்டையில் மிகக் கருத்த இடம் விளிம்பு அல்ல, விளிம்புக்குச் சற்று உள்ளே. விளிம்போரமாக, மேசையிலிருந்து தெறித்த வெளிச்சம் ஒரு மெல்லிய சாம்பல் பட்டையாக ஓடும். அதைக் கவனிக்காமல் விளிம்பைக் கருப்பாக்கினால் முட்டை தட்டையாகிவிடும். கோடு இழுக்கும்போது ஒவ்வொரு கோட்டையும் எங்கே நிறுத்துவது என்று முடிவெடுத்தாக வேண்டும். அதனால் தவறு உடனே கண்ணில் படும். தேய்க்கும்போது ஒரே இழுப்பில் அந்தப் பட்டை மறைந்துபோகும், மறைந்ததே தெரியாது. போதாததற்கு, தேய்க்கத் தேய்க்க வெள்ளை மங்கும், கருப்பு வெளுக்கும். எல்லாம் நடுச் சாம்பலில் வந்து நிற்கும். அப்போது எச்பி பென்சிலை அழுத்தித் தேய்ப்பார்கள். கருமை கூடாது, பளபளப்புதான் கூடும். கருமைக்கு 4பியோ 6பியோ வேண்டும்.

ஆகவே தொடக்கத்துக்கு ஹேட்சிங்தான். முட்டை, பந்து, குவளை மூன்றும் கோட்டிலேயே உருண்டு நிற்கும்வரை ஸ்டம்பைத் தொடாமலிருப்பது நல்லது. மேகம், மூடுபனி, மங்கலான பின்னணி என்று வரும்போது ஸ்மட்ஜிங்கை விட்டால் வழியில்லை. முடி, மரப்பட்டை, துணிமடிப்பு இதற்கெல்லாம் கோடுதான்.

இரண்டையும் கலப்பதானால் முதலில் தேய்த்துவிட்டு, அதன்மேல் 4பியால் கோடு போடுங்கள். வரிசை மாறினால் போட்ட கோடெல்லாம் கரைந்துவிடும். வெளிச்சப் புள்ளியைக் கடைசியில் மிருதுவான பிசையும் ரப்பரால் ஒற்றி எடுங்கள், உரச வேண்டாம். கைக்கு அடியில் ஒரு துண்டுத் தாள் எப்போதும் இருக்கட்டும்.