இரட்டை டேங்க் பிக்கப்பில் ஆவியடைப்பு: ரிட்டர்ன் குழாயா, மின் பம்பா?

அரிசோனாவில் ஒரு ஜூலை நண்பகல். 1970களில் வந்த, இரண்டு பெட்ரோல் டேங்க் கொண்ட வி8 (எட்டு சிலிண்டர்) பிக்கப் ஒன்று பெட்ரோல் நிலையத்தில் இருபது நிமிடம் நிற்கிறது. சாவியைத் திருப்பியதும் இன்ஜின் பிடித்துக்கொள்கிறது. நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்துபோகிறது. பானட்டைத் திறந்தால், கண்ணாடி ஃபில்டரில் பெட்ரோல் இருக்க வேண்டிய இடத்தில் குமிழிகள். பெட்ரோலைக் காற்றோடு கலக்கும் கார்புரேட்டரின் கிண்ணத்தில் மிச்சமிருந்த பெட்ரோல்தான் அந்தச் சில நூறு மீட்டரை ஓட்டியிருக்கிறது. நம் ஊரில் அம்பாசிடர் ஓட்டியவர்கள் இதற்குப் பம்பின் மேல் ஈரத்துணி போடுவார்கள். வீடு போய்ச் சேர அது போதும். இப்படிச் சூட்டில் பெட்ரோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகி வரவை அடைப்பதுதான் ஆவியடைப்பு. இங்கே பேசப்போவது அதற்கான நிரந்தர வைத்தியம்.

முதலில் கோளாறு எங்கே பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். இந்த வண்டிகளில் பம்ப் இன்ஜினோடு பொருத்தப்பட்டிருக்கிறது. கேம் ஷாஃப்ட் அதை ஆட்டுகிறது. பெட்ரோலை மூன்று நான்கு மீட்டர் தூரத்திலிருந்து அது உறிஞ்சியாக வேண்டும். உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறைகிறது. அழுத்தம் குறைந்தால் கொதிநிலையும் இறங்குகிறது. அமெரிக்கக் கோடைக்கால பெட்ரோலின் ஆவி அழுத்தத்துக்கு 37.8 டிகிரி செல்சியஸில் 9 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) என்பது பொதுவான வரம்பு. 10 சதவீத எத்தனால் கலந்ததற்கு இன்னும் 1 பி.எஸ்.ஐ. சலுகை உண்டு. வெப்பம் 60 டிகிரியைத் தொடுவதற்குள் இந்த அழுத்தம் கடல் மட்டக் காற்றழுத்தமான 14.7 பி.எஸ்.ஐ.யைத் தாண்டிவிடும்; தாண்டினால் கொதிப்புதான். டென்வர் போன்ற உயரமான ஊரில் காற்றழுத்தமே 12 சொச்சம்தான். அங்கே கொதிப்பு இன்னும் முன்னதாகத் தொடங்கும். பம்ப் திரவத்தைத் தள்ளும். ஆவியை வெறுமனே அமுக்கி அமுக்கி விடும். அவ்வளவுதான் கதை.

செலவு செய்வதற்கு முன் டேங்க் சுவிட்சை மாற்றிப் பாருங்கள். இரட்டை டேங்க் தரும் இலவச சோதனை இது. ஒரு டேங்கில் மட்டும் தொல்லை என்றால் அது பெரும்பாலும் ஆவியடைப்பு அல்ல. அந்தப் பக்கத்து ரப்பர் ஹோஸ் வெடித்துக் காற்றை உறிஞ்சுகிறது, அல்லது டேங்குக்குள் இருக்கும் வலை அடைத்திருக்கிறது. உறிஞ்சும் பக்கத்து வெடிப்பு வெளியே சொட்டாது என்பதால் பலரும் ஏமாறுவது இங்கேதான். மூடியைத் திறக்கும்போது ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தால், காற்றுத்துளை அடைப்பு. இரண்டு டேங்கிலும் சூட்டில் மட்டும் நிற்கிறது என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

வழிகள் மூன்று. மலிவானது வெப்பக் காப்பு: குழாய்க்கு உறை போடுவது, எக்ஸாஸ்ட் பக்கத்திலிருந்து குழாயை நகர்த்துவது, கார்புரேட்டருக்கு அடியில் சூட்டை எளிதில் கடத்தாத கெட்டியான ஃபீனாலிக் தட்டு வைப்பது. குழாயை நகர்த்துவது எப்போதும் நல்லது. உறையைப் பற்றி எனக்கு அத்தனை மதிப்பில்லை. ஓடும்போது சூட்டைத் தடுக்கும், நின்ற வண்டியில் சூடேறுவதைச் சற்றுத் தள்ளிப்போடும், பிறகு அதே உறை சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைக்கும். ஃபீனாலிக் தட்டு தீர்ப்பது வேறு நோயை: வண்டி நின்றபின் கார்புரேட்டர் கிண்ணத்திலேயே பெட்ரோல் கொதித்து இன்ஜினுக்குள் வழிவதை. இரண்டையும் ஒன்றாக எண்ணிக் காசு செலவழிப்பவர்கள் ஏராளம். குழாயில் துணிக் கிளிப் மாட்டும் பழக்கமும் அமெரிக்காவில் உண்டு. மாட்டுபவருக்கு ஆறுதல்.

இரண்டாவது ரிட்டர்ன் குழாய். பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே மூன்று முனை ஃபில்டர். மூன்றாவது முனையில் ஏறத்தாழ 1.5 மில்லிமீட்டர் துளை. ஆவியும் மிகுதிப் பெட்ரோலும் அதன் வழியே டேங்குக்குத் திரும்பும். இவ்வளவு சிறிய துளையா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பின் டேங்கிலிருந்து வரும் நான்கு மீட்டர் குழாய்க்குள் கிடப்பது சுமார் 200 மில்லி. வண்டி நின்ற இடத்தில் இன்ஜின் ஓடினால் பெரிய வி8 மணிக்கு மூன்று லிட்டர் வாக்கில் குடிக்கும். அப்படியானால் ஒவ்வொரு துளியும் நான்கு நிமிடம் அந்தச் சூட்டில் கிடந்து வேகிறது. 5 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் அந்தத் துளை கணக்குப்படி மணிக்கு 30 லிட்டருக்கு மேல் விடும். நான்கு நிமிடம் அரை நிமிடத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. பம்பே குளிர்ந்த பெட்ரோலில் குளிக்கிறது.

ஒற்றை டேங்க் வண்டியில் இது ஒரு மாலை நேர வேலை. இரட்டை டேங்கில்தான் சிக்கல், அதுவும் இந்த மணிக்கு 30 லிட்டரால். பழைய மூன்று முனை வால்வு இரண்டு டேங்கில் ஒன்றின் வரவைத் தேர்ந்து இன்ஜினுக்கு அனுப்பும். திரும்பி வருவதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. ரிட்டர்னை இடது டேங்கில் செருகிவிட்டு வலது டேங்கிலிருந்து ஓட்டினால் இடது டேங்க் நிரம்பிக்கொண்டே போகும். அது ஏற்கெனவே நிறைந்திருந்தால் மூடி வழியாகச் சாலையில் கொட்டும். பின்னால் வருபவர் சிகரெட் பிடிக்காமல் இருக்கப் பிரார்த்திக்க வேண்டியதுதான். ஆகவே ரிட்டர்ன் என்றால் ஆறு முனை வால்வு கட்டாயம். வரவையும் திரும்புதலையும் அது ஒன்றாகவே மாற்றும். பெட்ரோல் அளவு காட்டும் முள்ளுக்கான இணைப்பையும் சேர்த்து மாற்றும். போலக் நிறுவனத்து மோட்டார் வால்வுதான் பழைய வண்டிக்காரர்களிடையே பிரபலம். மோட்டார் வால்வு இரண்டு திசையிலும் சுழல வேண்டும் என்பதால், மின்முனைகளைத் தலைகீழாக்கும் சுவிட்ச் வேண்டும். பழைய சுவிட்சையே இணைத்துவிட்டு வால்வு கெட்டது என்று திட்டுவது வாடிக்கை. டேங்குக்குள் பெட்ரோல் அளவைப் பார்க்கும் மிதவை யூனிட்டில் ரிட்டர்ன் முனை இல்லாவிட்டால் அதையும் மாற்ற வேண்டும்.

மூன்றாவது மின் பம்ப். உறிஞ்சுவதற்குப் பதில் டேங்க் பக்கத்திலிருந்தே தள்ளுகிறது; அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் எளிதில் கொதிக்காது. நோயின் வேரையே அறுக்கும் வழி, ஒத்துக்கொள்கிறேன். 1980களின் நடுவில் தொழிற்சாலைகளே ஃபியூயல் இன்ஜெக்‌ஷனோடு இந்தப் பக்கம் வந்துவிட்டன. ஆனால் வேறு வேலைகளையும் கூடவே இழுத்து வரும். கிண்ணத்துக்குள் பெட்ரோல் வருவதை அடைக்கும் கார்புரேட்டர் ஊசி 7 பி.எஸ்.ஐ.க்கு மேல் தாங்காது. இன்ஜெக்‌ஷன் பம்பை வாங்கி மாட்டினால் அதன் கூடுதல் அழுத்தத்தில் பெட்ரோல் வழியும். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்க ஆயில் பிரஷர் சுவிட்ச் வேண்டும், மோதினால் நிற்க அதிர்ச்சி சுவிட்ச் வேண்டும். இவை இல்லாமல் மாட்டியவர் வண்டியில் நான் ஏறமாட்டேன். பழைய பம்பைக் கழற்றாமல் அதன் வழியாகவே தள்ளுபவர்களும் உண்டு. அதன் டயாஃப்ரம் (உள்ளே ஆடும் சவ்வு) கிழிந்தால் மின் பம்ப் பெட்ரோலை நேராக இன்ஜின் ஆயிலுக்குள் இறைக்கும்.

எந்த வண்டிக்கு எது? செவர்லேயின் 1973–87 பிக்கப்புகளில் டேங்குகள் வண்டியின் அடிச்சட்டத்துக்கு (ஃபிரேம்) வெளியே இருபக்கமும் தொங்குகின்றன. பக்கவாட்டு மோதலில் தீப்பிடிப்பதாகப் பெரிய வழக்குகளைச் சந்தித்த அதே டேங்குகள்தான். இரண்டுமே வால்வுக்குப் பக்கம். ஆறு முனை வால்வும் ரிட்டர்னும் போட்டால் இங்கே வேலை முடிந்தது. மின் பம்ப்தான் வேண்டும் என்றாலும் வால்வுக்குப் பிறகு ஒன்றே போதும்.

1980களின் ஃபோர்டு எஃப் வரிசை வேறு ரகம். ஒரு டேங்க் வண்டியின் நடுவில், இன்னொன்று பின் அச்சுக்குப் பின்னால். பின் டேங்கிலிருந்து வால்வு வரை வரும் தூரத்தையும் உறிஞ்சித்தான் கடக்க வேண்டும். மின் பம்புகள் நன்றாகத் தள்ளும், உறிஞ்சுவதில் சோம்பேறிகள். வால்வுக்குப் பிறகு ஒரே பம்பை வைத்தால் நடு டேங்கில் ஒழுங்காக ஓடிவிட்டுப் பின் டேங்கில் மட்டும் மீண்டும் முரண்டு பிடிக்கும். இங்கே டேங்குக்கு ஒரு பம்ப் என்பதே சரி. சுவிட்ச் ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் தரும். வால்வை எடுத்துவிட்டு இரண்டு குழாயையும் வெறும் ‘டி’ இணைப்பில் சேர்ப்பதாக இருந்தால் ஒவ்வொரு பம்புக்கும் பின் ஒருவழி வால்வு வேண்டும். இல்லாவிட்டால் ஒரு பம்ப் தள்ளுவது அடுத்த பம்ப் வழியாக மற்ற டேங்கில் இறங்கிவிடும்.

சூடான மாநிலத்தில் கோடை முழுக்க டிரெய்லர் இழுப்பவர் என்றால் யோசிக்காமல் மின் பம்ப். மற்றவர்களுக்கு என் வாக்கு ரிட்டர்ன் குழாய்க்கே: வழியில் பம்ப் செத்தாலும் எந்தச் சிற்றூர் கடையிலும் இன்னொன்று கிடைக்கும், மாற்ற இரண்டு போல்ட்டுதான். ஃபில்டரை மாட்டும்போது மட்டும் அந்தச் சிறிய மூன்றாவது முனை மேலே பார்த்தபடி இருக்கட்டும். கீழே பார்த்தால் பெட்ரோல் திரும்பிப் போகும், ஆவி கார்புரேட்டருக்குப் போகும்.