வாட்ஸ்அப் பிரைவசி: குடும்ப குரூப்பில் எது எடுபடும், எது எடுபடாது

தனி ஒருவரோடு பேசும் சாட்டில் வாட்ஸ்அப்பின் பிரைவசி செட்டிங்ஸை நம்பலாம். சொந்தக்காரர்கள் குரூப்பில் முக்கியமான பலதும் எடுபடாது. நம்மவர்களின் பாதி உறவு இப்போது குரூப்பில்தான் ஓடுகிறது என்பதால் இது சின்னக் குறை இல்லை.

ப்ளூ டிக் 2014 நவம்பரில் வந்தது. 'இன்னும் பாக்கலயே' என்று சமாளிக்கும் வழி அதோடு அடைபட்டது. செட்டிங்ஸில் பிரைவசிக்குள் போய் ரீட் ரிசீப்ட்ஸை அணைக்கலாம். ஆனால் எதிராளி படித்தாரா என்பதும் உங்களுக்குத் தெரியாமல் போகும், உங்கள் ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியலும் மறையும். அணைத்தவர்கள் மறுபடி ஆன் செய்வது பெரும்பாலும் அந்தப் பட்டியலுக்காகத்தான்.

குரூப்பில் இந்த பட்டன் செல்லுபடியாகாது. அனுப்பியவர் தன் மெசேஜை அழுத்திப் பிடித்து 'இன்ஃபோ'வைத் திறந்தால் யார், எத்தனை மணிக்குப் படித்தார்கள் என்று வரிசையாகக் காட்டும். காதுகுத்து அழைப்பிதழைப் போட்ட சித்தப்பா, பார்த்தும் ஒரு வாழ்த்துகூடப் போடாதது யார் என்று இங்கேதான் கண்டுபிடிக்கிறார். பத்திரிகை வைக்க நேரில் போகாத குறையை அவர் மறந்துவிடுவார், பதில் வராத குறை மட்டும் நிற்கும். வாய்ஸ் நோட்டைக் கேட்டதையும் மறைக்க வழியில்லை. குரூப்பைத் திறக்காமல் நோட்டிஃபிகேஷனிலேயே வாசித்தால் மட்டும் டிக் நீலமாகாது. பலரும் அப்படித்தான் காலம் தள்ளுகிறார்கள்.

ஸ்டேட்டஸ் பிரைவசி நன்றாகவே வேலை செய்கிறது. 'மை கான்டாக்ட்ஸ் எக்ஸெப்ட்' போட்டு மாமியாரையும் மேனேஜரையும் விலக்கலாம். கவனிக்க வேண்டியது, போடுவதற்கு முன்பே விலக்க வேண்டும். ஏற்கெனவே போட்ட ஸ்டேட்டஸுக்குப் புதிய செட்டிங் பொருந்தாது. விலக்கப்படாத ஒரு மச்சினி ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் உங்களுக்குத் தகவல் வராது. திண்ணையில் ஜாடையாகப் பேசியதெல்லாம் இன்று 24 மணி நேர ஸ்டேட்டஸாக வருகிறது. யாரைக் குத்துகிறதோ அவர் பார்த்துவிட்டாரா என்று பட்டியலில் தேடுவதும் இதில் சேர்த்தி.

ஃபார்வர்டு கட்டுப்பாடு அரைகுறை. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குழந்தை கடத்துபவர் என்ற வதந்தியை நம்பிய கும்பல் ஒரு மூதாட்டியை அடித்துக் கொன்றது. நாட்டில் வேறு இடங்களிலும் இப்படிக் கொலைகள் நடந்தபின், அந்த ஜூலையில் இந்தியாவில் ஒரு தடவைக்கு 5 சாட் என்ற வரம்பு வந்தது. 2020 ஏப்ரலிலிருந்து, பல கை மாறி இரட்டை அம்புக்குறியோடு வருவதை ஒரு நேரத்தில் ஒரு சாட்டுக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் எழுத்தை காப்பி செய்து ஒட்டினாலோ, படத்தை சேமித்துப் புதிதாக அனுப்பினாலோ அம்புக்குறி போய்விடும். பெரியப்பா சொந்தமாக எழுதியதுபோல வரும் மருத்துவக் குறிப்புகள் பல இப்படி வந்தவையே.

'டெலீட் ஃபார் எவ்ரிஒன்' இரண்டு நாளுக்குச் சற்று மேல் வரை கைகொடுக்கும். ஆனால் அழித்த சுவடு அங்கேயே நிற்பதால் 'என்ன போட்டுட்டு அழிச்சே?' என்ற கேள்வி நிச்சயம். சின்னத் தவறு என்றால் 15 நிமிடத்துக்குள் எடிட் செய்வது மேல்.

2022-இல் வந்த சத்தமில்லாத வெளியேற்றத்தைப் பெரிதாக நம்ப வேண்டாம். அட்மினுக்கு மட்டும்தான் அறிவிப்பு போகும், சரி. ஆனால் கடந்த 60 நாளில் விலகியவர்கள் பட்டியலை குரூப்பில் யாரும் திறந்து பார்க்கலாம். பிரச்சினை வேண்டாம் என்றால் மியூட்டை 'ஆல்வேஸ்' வைத்து ஆர்கைவ் செய்துவிடுங்கள். புதிதாக இழுத்துப் போடுவதைத் தடுக்க, பிரைவசியில் 'குரூப்ஸ்' பகுதியில் 'மை கான்டாக்ட்ஸ் எக்ஸெப்ட்' வைத்து, சேர்த்துக்கொண்டே இருக்கும் ஆட்களை டிக் செய்யுங்கள். அதன்பின் அவர்களால் அழைப்புதான் அனுப்ப முடியும். கண்டுகொள்ளாமல் விட்டால் 3 நாளில் அது காலாவதி.