புல் வெட்டும் மெஷின் ரிம்முக்கு கேனா, கன்னா, பவுடரா?

ஓசூர் லேஅவுட் வீடுகளில் புல்தரை வைத்தவர்களும், கிருஷ்ணகிரியில் மாந்தோப்புக்குள் புல் வெட்டுபவர்களும் மெஷினின் பிளேடைக் கவனிக்கும் அளவுக்குச் சக்கரத்தைக் கவனிப்பதில்லை. ஈரப்புல் ரிம்மில் ஒட்டிக் காயாமல் கிடக்கும். யூரியா தூவிய தரை என்றால் அந்த உரமும் சேர்ந்து இரும்பை அரிக்கும். மறுபடி பெயின்ட் அடிக்க மூன்று வழி இருக்கிறது: கடையில் வாங்கும் ஸ்பிரே கேன், பெயின்டிங் பட்டறையின் கம்ப்ரசர் கன், பெயின்ட் தூளைத் தூவி அடுப்பில் உருக்கிப் பிடிக்கவைக்கும் பவுடர் கோட்டிங்.

இந்த மூன்றில் அடி தாங்குவது பவுடர்தான். கல் தெறித்தாலும் சட்டென்று பெயராது. ஆனால் ரிம்மை 180 முதல் 200 டிகிரி சூட்டில் அடுப்பில் வைப்பார்கள். டயர், பிளாஸ்டிக் புஷ், பேரிங் எல்லாவற்றையும் முதலில் கழற்றியாக வேண்டும். பல தள்ளு மெஷின்களில் ரப்பரை ரிம்மோடு சேர்த்தே ஒட்டியிருப்பார்கள். அதைக் கழற்ற முடியாது, அதனால் பவுடர் ஆகாது. துருக்குழியை அடைக்கும் சாதாரண பட்டியும் அந்தச் சூட்டைத் தாங்காது. பவுடர் பூச்சு ஓர் இடத்தில் உடைந்துவிட்டால் ஈரம் அடியில் புகுந்து தோல் தோலாக உரியும்.

கேனில் வேலை சுலபம். டயரைக் கழற்றாமலே, ரிம்முக்கும் ரப்பருக்கும் நடுவே பழைய விசிட்டிங் கார்டுகளைச் சுற்றிலும் செருகிவிட்டு அடிக்கலாம். 20, 25 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, மெல்லிசாக மூன்று கை போதும். சித்திரை வெயிலில் உச்சிப்பொழுதில் அடித்தால் துளிகள் காற்றிலேயே காய்ந்து மேற்பரப்பு சொரசொரப்பாகும், அதனால் காலையில் முடித்துவிடுங்கள். கேனின் பெரிய குறை பெட்ரோல்தான். டேங்க் நிரப்பும்போது சிந்தினால் சாதாரண கேன் பெயின்ட் இளகி, துடைக்கும் துணியோடு வந்துவிடும்.

அந்த இடத்தில்தான் கன் ஜெயிக்கிறது. ஹார்டனர் (இறுகவைக்கும் திரவம்) கலந்த பியூ, அதாவது பாலியூரித்தேன் பெயின்ட் நன்றாக இறுகியபின் பெட்ரோல் சிந்தினாலும் அசையாது. பட்டி போட்ட இடமும் மறையும். கலந்த பெயின்ட் சில மணி நேரத்தில் கெட்டியாகிவிடும் என்பதால் நான்கு சக்கரத்தையும் ஒரே தடவையில் கொடுங்கள். ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்குக் கெடுதல், துணி மாஸ்க் அதைத் தடுக்காது. முறையான பாதுகாப்போடு அடிக்கிற பட்டறையில்தான் இந்த வேலையைக் கொடுக்க வேண்டும், வீட்டில் வேண்டாம்.

எந்த வழியில் போனாலும் முன்வேலை சரியில்லை என்றால் காசு வீண். முதலில் சோப்புத் தண்ணீரில் கிரீஸ் போகக் கழுவிவிட்டு அப்புறம்தான் தேய்க்க வேண்டும். மாற்றிச் செய்தால் எமரி பேப்பர் கீறிய கோடுகளுக்குள் கிரீஸ் ஏறிக்கொள்ளும். நம் பக்கம் போர் தண்ணீரில் உப்பு அதிகம், அதைத் தானாகக் காயவிடாமல் துணியால் துடைத்துவிடுங்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் உதிர்த்து, 80 நம்பர் எமரி, பிறகு 220. தின்னர் துணியால் ஒரு தடவை துடைத்து, கேன் அல்லது கன் என்றால் அன்றைக்கே பிரைமர். ஐப்பசி மழைக்காலத்தில் வெற்று இரும்பை இரவு முழுக்க விட்டால் காலையில் செந்துரு படிந்திருக்கும். பழைய எனாமல் மிச்சம் இருந்தால் ஒரு மூலையில் புது பெயின்ட்டை அடித்துப் பாருங்கள். சுருங்கினால் முழுக்க உரித்தாக வேண்டும். அச்சு நுழையும் துளையிலும் நட்டு உட்காரும் இடத்திலும் பெயின்ட் படக்கூடாது. அந்தப் படலம் நசுங்கும்போது நட்டு தளர்ந்துவிடும்.

டயர் கழலாத சின்ன மெஷினுக்குக் கேன் போதும். டயரைக் கழற்ற முடியும், ரிம்மில் குழி இல்லை என்றால் பவுடர். பெட்ரோல் மெஷின், குழி விழுந்த ரிம் என்றால் நான் கன்னுக்குத்தான் அனுப்புவேன், ஒரு வாரம் இறுகவிட்டுப் புல்லில் இறக்குவேன்.