கிரான்யோன் ஆலய விடுதி: கட்டில் இல்லை, கட்டணமும் இல்லை

ஸ்பெயினில் கிறிஸ்தவ யாத்திரிகர்கள் நடந்துபோகும் சந்தியாகோ பாதையில், ரியோஹா மாநிலத்தின் எல்லையை ஒட்டிய சிற்றூர் கிரான்யோன். பலர் 7 கி.மீ. முன்பே சாண்டோ டொமிங்கோ என்ற ஊரில் தங்கிவிடுகிறார்கள், தப்பு. புனித திருமுழுக்கு யோவான் ஆலயத்தை ஒட்டியே விடுதி. தரையில் மெல்லிய மெத்தைதான், தூங்குபை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். படிக்கட்டு குறுகல், கொப்புளம் வந்த காலோடு ஏறுவது கஷ்டம். ஆள் நெருக்கம் அதிகம், காதடைப்பான் இல்லாவிட்டால் குறட்டைதான் தாலாட்டு!

காணிக்கைப் பெட்டி திறந்தே கிடக்கும்: 'முடிந்ததைப் போடுங்கள், தேவையானதை எடுத்துக்கொள்ளுங்கள்.' கையில் காசில்லாதவரும் கூச்சமில்லாமல் தங்கலாம். சமையல், பாத்திரம் துலக்கல் எல்லாம் கூட்டாக. அப்புறம் ஆலயத்தின் பாடகர் மாடத்தில் செபம். மெழுகுவத்தி கைமாறிக்கொண்டே வரும், வாங்கியவர் விரும்பினால் பேசலாம், மௌனமாகவும் கடத்தலாம். தனியறை கேட்பவர்களுக்கு இது ஒத்துவராது.