எச்சரிக்கை: "ஒரு ஹப் போட்டா எல்லாம் வந்துடும்" என்று சொல்லி லேப்டாப் விற்றால் நம்பாதீர்கள்

கல்யாண போட்டோ எடுப்பவர்கள், வீடியோ எடிட்டிங் செய்பவர்கள், வீட்டில் ஒரு கேமராவாவது வைத்திருப்பவர்கள் புது லேப்டாப் வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். 78,000 ரூபாய் கொடுத்து வாங்கிய லேப்டாப்பும், அதோடு இலவசமாகத் தந்த ஒரு ஹப்பும் (லேப்டாப்பின் டைப்-சி துளையில் மாட்டினால் கார்டு, எச்டிஎம்ஐ, யுஎஸ்பி என்று பல துளைகளைத் தரும் சின்ன டப்பா) சேர்ந்து, ஒரு வீட்டுக் கல்யாணத்தின் நலங்குப் படங்களில் பலவற்றை என்னிடமிருந்து பறித்துவிட்டன. கடையின் பெயரை இங்கே போடவில்லை. விஷயம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கிறது.

நான் கும்பகோணம் பக்கம் பதினாறு வருடமாகக் கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன். பழைய லேப்டாப் 2014இல் வாங்கியது. பக்கவாட்டில் கேமரா கார்டைச் செருகும் முழு எஸ்டி கார்டு ஸ்லாட், திரைக்குப் படம் கொடுக்கும் எச்டிஎம்ஐ, லேன், மூன்று யுஎஸ்பி எல்லாம் உண்டு. கீல் உடைந்து, ரப்பர் பேண்டு போட்டுத்தான் மூடுவேன். ஆனாலும் அந்த ஸ்லாட் ஒரு நாள்கூட என்னைக் கைவிட்டதில்லை. வேகம் போதாமல் போனதால்தான் மாற்றினேன்.

மார்கழிக் கடைசியில் திருச்சியில் ஒரு கடைக்குப் போனேன். என்ன வேண்டும் என்று கேட்டவுடன் நான் முதலில் சொன்னதே இதுதான்: "தம்பி, எனக்கு எஸ்டி கார்டு ஸ்லாட் வேணும். மண்டபத்துல எல்இடி திரைக்குக் கொடுக்க எச்டிஎம்ஐ வேணும்."

கடைக்காரர் சொன்னது: "அண்ணே, இப்ப வர்ற எந்த மாடல்லயும் கார்டு ஸ்லாட் கிடையாது. கவர்மென்டே டைப்-சி மட்டும்தான் இருக்கணும்னு ரூல் போட்டுட்டாங்க. இந்த ஹப்ப ஃப்ரீயாவே தர்றேன். இதுல கார்டு, எச்டிஎம்ஐ, லேன், யுஎஸ்பி, சார்ஜிங் எல்லாம் இருக்கு. பழைய ஸ்லாட்ட விட ஸ்பீடு."

இந்த மூன்றும் பொய். அன்றைக்கு எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதே வசனத்தை உங்களிடமும் சொல்வார்கள்.

கார்டு ஸ்லாட் உள்ள லேப்டாப் இன்றும் விற்பனையில் இருக்கிறது. ஆப்பிளையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 மேக்புக் ப்ரோவில் எஸ்டி ஸ்லாட், எச்டிஎம்ஐ, பழைய யுஎஸ்பி, காந்த சார்ஜர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, ஹெட்போன் துளை தவிர டைப்-சி வடிவப் போர்ட்டுகளை மட்டும் வைத்தார்கள். கார்டு பாதி வெளியே துருத்திக்கொண்டு நிற்பது இடைஞ்சல், கேமராக்களில்தான் இப்போது வயர்லெஸ் வந்துவிட்டதே என்று அந்நிறுவனத்தில் அப்போது சந்தைப்படுத்தல் தலைவராக இருந்த ஃபில் ஷில்லர் காரணம் சொன்னார். ஒரு முகூர்த்தத்துக்கு ஐம்பது, அறுபது ஜிபி எடுக்கிறவனுக்கு வைஃபையில் மாற்றுவது விடிய விடிய நடக்கும் வேலை. ஐந்து வருடம் கழித்து, 2021இல் வந்த 14 அங்குல, 16 அங்குல மேக்புக் ப்ரோவில் எஸ்டி ஸ்லாட்டும் எச்டிஎம்ஐயும் காந்த சார்ஜரும் திரும்ப வந்தன. எடுத்தவர்களே திருப்பி வைத்த ஒன்றை, "இப்ப எதுலயும் வராது" என்று கடைக்காரர் சொல்கிறார்.

"கவர்மென்ட் ரூல்" என்பது அடுத்த பொய். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு விதி இருக்கிறது. போன்களுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், லேப்டாப்புகளுக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் பொருந்துவது. வயர் மாட்டி சார்ஜ் ஏற்ற டைப்-சி போர்ட் இருக்க வேண்டும் என்கிறது அது. மற்ற போர்ட்டுகளை எடுத்துவிடச் சொல்லவே இல்லை. டைப்-சி போர்ட்டுக்குப் பக்கத்திலேயே கார்டு ஸ்லாட் வைக்க எந்தத் தடையும் கிடையாது.

மூன்றாவது, வேகம். இதை நான் வீட்டுக்கு வந்த முதல் வாரத்திலேயே கண்டுபிடித்திருக்க வேண்டும். ஹப் பெட்டியில் "யுஎஸ்பி 3.0" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அது அந்த ஹப்பில் இருக்கும் ஒரே ஒரு யுஎஸ்பி துளைக்குத்தான் பொருந்தும். கார்டு ரீடர் உள்ளே பழைய, மெதுவான யுஎஸ்பி 2.0 பாதையில்தான் ஓடுகிறது. அந்தப் பாதையில் நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 எம்பிதான் வரும். நம் கைகளில் புழங்கும் யுஎச்எஸ்-1 ரகக் கார்டுக்கே 104 எம்பி வரை இடமுண்டு. 52 ஜிபி உள்ள கார்டை நல்ல ரீடரில் பத்து நிமிடத்தில் இறக்கலாம். இந்த ஹப்பில் இருபத்தைந்து நிமிடம் ஆனது. கார்டு பழசாகிவிட்டது போல என்று நினைத்து, புதுக் கார்டு வேறு வாங்கினேன்.

இனி அந்த ராத்திரி.

தை மாதம், கும்பகோணத்தில் ஒரு மண்டபம். சாயங்காலம் நலங்கு, பிறகு மாப்பிள்ளை அழைப்பு, ரிசப்ஷன். என் கேமராவில் கார்டு போட ஒரே இடம்தான். ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு மணமகள் அறைக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்து கார்டை இறக்க ஆரம்பித்தேன். காலையில் ஐந்து மணிக்கெல்லாம் முகூர்த்தம், புதுக் கார்டோடு அதே கார்டும் எனக்குத் தேவை. அதனால் காப்பி கொடுக்காமல் கட் கொடுத்தேன், அதாவது இறக்கியதும் கார்டிலிருந்து அழிந்துவிடும். இது என் தவறு, மறைக்கவில்லை. பழைய லேப்டாப்பில் பத்து வருடம் இப்படியே செய்து ஒன்றும் ஆனதில்லை என்ற தைரியம்.

இந்த லேப்டாப்பில் மொத்தமே இரண்டு டைப்-சி போர்ட்தான். பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஆனால் சார்ஜ் ஏறுவதும் திரைக்குப் படம் போவதும் ஒன்றில் மட்டும்தான். மற்றது வெறும் டேட்டா. அதுவும் வாங்கும்போது யாரும் சொல்லவில்லை. டேட்டா போர்ட்டில் படங்களை இறக்கி வைக்கும் என் வெளி எஸ்எஸ்டி டிரைவ். இன்னொன்றில் ஹப். ஹப்பின் முதுகில் சார்ஜர், வயிற்றில் கார்டு. வேறு வழியே கிடையாது.

பன்னிரண்டு மணி வாக்கில் என் கூட வேலை பார்க்கும் பையன் லைட்டுக்கு பேட்டரி போட வந்தான். பிளக் பாயின்ட் ஒன்றுதான். "அண்ணே, இத ரெண்டு நிமிஷம் கழட்டிக்கவா?" என்றான். லேப்டாப்பில் எண்பது சதவீதம் சார்ஜ் இருந்தது. "கழட்டிக்கப்பா" என்றேன். சார்ஜரைப் பிடுங்கினான். லேப்டாப் டிங் என்றது. கார்டு மறைந்தது. மறுநொடி மறுபடி டிங். கார்டு வந்தது, "ஃபார்மட் செய்தால்தான் பயன்படுத்த முடியும்" என்று கேட்டபடி.

ஏன் இப்படி ஆனது என்று பிறகு தெரிந்தவர்களிடம் கேட்டும், அதே ஹப்பை வைத்து ஏழெட்டு முறை செய்து பார்த்தும் புரிந்துகொண்டேன். ஹப் வழியாக சார்ஜ் போகும்போது, எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று சார்ஜரும் லேப்டாப்பும் தங்களுக்குள் பேசி முடிவு செய்கின்றன. சார்ஜரைப் பிடுங்கினால் அந்தப் பேச்சு முறிந்து, மின்சாரம் எதிர்த்திசையில், லேப்டாப்பிலிருந்து ஹப்புக்குப் போயாக வேண்டும். அந்த மாற்றத்தின்போது இந்த மாதிரி மலிவு ஹப்புகள் தங்களிடம் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் ஒரு கணம் கைவிட்டுவிட்டு மறுபடி பிடிக்கின்றன. பென்டிரைவில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தால் பாட்டு நிற்கும், அவ்வளவுதான். என் கார்டிலோ அந்த நேரம் கோப்புகளின் பட்டியல் அழித்து எழுதப்பட்டுக்கொண்டிருந்தது. 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள், கோப்புகளை அடுக்கி வைக்கும் எக்ஸ்ஃபேட் (exFAT) என்ற முறையில் வருகின்றன. எழுதிக்கொண்டிருக்கும்போது துண்டித்தால், விட்ட இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்துகொள்ளும் குறிப்பேடு அந்த முறையில் இல்லை.

லேப்டாப்பின் உடம்பிலேயே ஸ்லாட் இருந்திருந்தால், சார்ஜரைப் பிடுங்கியதும் பேட்டரிக்கு மாறி, கார்டு பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். பழைய லேப்டாப்பில் மண்டபம் மண்டபமாக நூறு தடவை கரண்ட் போயிருக்கிறது. ஒரு படம் போனதில்லை.

நல்லவேளையாக நான் ஃபார்மட் அழுத்தவில்லை. கார்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, காலை முகூர்த்தத்தை அந்தப் புதுக் கார்டில் எடுத்தேன். தாலி கட்டும்போது கை நடுங்கியது என்று எழுத வெட்கப்படவில்லை. அந்தச் சட்டைப்பைதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

மீட்டெடுக்கக் கொடுத்தேன். 6,500 ரூபாய். சாயங்காலம் எடுத்த சுமார் 1,900 படங்களில் 1,600 வரை கிடைத்தன, பெயரும் வரிசையும் இல்லாமல். 23 வீடியோவில் ஓடுகிற நிலையில் ஆறுதான் வந்தன. பட்டியல் போய்விட்டால் படத்தின் தலைப்பகுதி அடையாளத்தை வைத்துத்தான் தேடி எடுப்பார்கள். கார்டில் துண்டு துண்டாகக் கிடக்கும் பெரிய வீடியோக்கள் அப்படிச் சேராது. பெண்ணின் அப்பாயி நலங்கு வைத்துவிட்டு, பேத்தியின் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஏதோ பாடினார்கள். அது வரவில்லை.

பெண்ணின் அப்பாவிடம் நேரில் போய்ச் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கம்மா பாடுனதாச்சும் இருக்கா தம்பி?" என்று கேட்டார். 15,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்க மாட்டேன் என்றவரிடம் வற்புறுத்திக் கொடுத்தேன். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

வாங்கிய இருபத்துநான்காம் நாள் கடைக்குப் போனேன். "ஹப் ஃப்ரீ ஐட்டம், அதுக்கு வாரன்டி இல்லண்ணே" என்றார்கள். லேப்டாப்பில் கோளாறு ஏதும் இல்லையாம். லேப்டாப் நிறுவனத்தின் சர்வீஸ் மையத்தில் கேட்டால், வேறு கம்பெனி ஹப்புக்கு நாங்கள் பொறுப்பில்லை என்றார்கள். ஹப் பெட்டியில் இறக்குமதி செய்தவரின் முகவரிகூட இல்லை.

இந்த ஊர் சுற்றலில்தான் எனக்கு விஷயமே விளங்கியது. ஸ்லாட் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தில் எல்லோரும் தடிமனையும் எடையையும் விலையையும் பேசுகிறார்கள். பாதிப் பேருக்குக் கார்டே தேவையில்லை, அவர்களுக்காக லேப்டாப்பை மெலிதாக்குவதில் எனக்கு வருத்தம் இல்லை. ஒரே டைப்-சியில் சார்ஜும் திரையும் டேட்டாவும் போவது உண்மையிலேயே நல்ல வசதி. ஆனால் ஸ்லாட் லேப்டாப்பின் உள்ளே இருந்தவரை அது கெட்டுப்போனால் ஒரு ஆள் பதில் சொல்லியாக வேண்டும், வாரன்டி அதையும் சேர்த்துத்தான். அது வெளியே தொங்கும் டப்பாவாக மாறியதும், பதில் சொல்ல யாருமே இல்லாமல் போய்விட்டது. இந்த இழப்பை எந்த விளம்பரமும் சொல்வதில்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு நான் பட்டதிலிருந்து சொல்வது இது. உங்கள் கேமரா கார்டையும் எச்டிஎம்ஐ கேபிளையும் கையோடு கடைக்கு எடுத்துப் போங்கள். டெமோ லேப்டாப்பில் ஒரு பத்து ஜிபியை ஓடவிட்டு நேரம் பாருங்கள். ஐந்து நிமிடத்தை நெருங்கினால் அது யுஎஸ்பி 2.0. லேப்டாப்பிலேயே ஸ்லாட் இருந்தாலும் இந்தச் சோதனையை விடாதீர்கள், பட்ஜெட் மாடல்கள் சிலவற்றில் உள்ளே அதே மெதுவான பாதைதான். "கார்டு ஸ்லாட் உண்டு" என்று சொல்லிவிட்டு, போன் கார்டு மட்டும் நுழையும் சின்ன மைக்ரோ எஸ்டி துளையைக் காட்டுவார்கள், பார்த்துக்கொள்ளுங்கள்.

டைப்-சி போர்ட்டுக்குப் பக்கத்தில் என்ன சின்னம் போட்டிருக்கிறது என்று குனிந்து பாருங்கள். மின்னல் இருந்தால் தண்டர்போல்ட், அதாவது டேட்டாவும் திரைக்குப் படமும் போகும் வேகமான போர்ட். ஆங்கில D எழுத்துக்குள் P எழுத்து இருந்தால் திரைக்குப் படம் போகும். பேட்டரி அல்லது பிளக் படம் என்றால் சார்ஜ். ஒன்றுமே இல்லை என்றால் கடைக்காரர் வாயை நம்பாமல், மாடல் எண்ணைக் கடைசி எழுத்து வரை எழுதிக்கொண்டு தயாரிப்பாளரின் தளத்தில் பாருங்கள். பெயர் ஒன்றாக இருந்தும் கடைசி எழுத்து மாறினால் போர்ட்டும் மாறும்.

ஹப் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அதில் ஒரு கார்டை மாட்டி, வேண்டாத கோப்புகளைக் காப்பி செய்தபடியே சார்ஜரை ஒரு முறை பிடுங்கிப் பாருங்கள். டிங் சத்தம் கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கார்டுக்கென்று தனியாக ஒரு யுஎஸ்பி 3.0 ரீடர் ஆயிரம் ரூபாய்க்குள்ளேயே நல்லதாகக் கிடைக்கிறது, நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன். கட் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கார்டைக் காலி செய்வது, இரண்டு இடத்தில் படம் திறக்கிறதா என்று பார்த்த பிறகுதான்.

இலவசமாகத் தரும் பொருளையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளின் தரத்தைப் பொய்யாகச் சொல்லி விற்பது முறையற்ற வணிக நடைமுறை. பழுதான பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு ஏதும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பதும் அதில் சேரும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் பதிந்தேன். கடைக்காரர் வேறொரு ஹப் தருகிறேன் என்றார். மறுத்துவிட்டேன். பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்தேன். ஐந்து லட்சம் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும், வக்கீல் இல்லாமல் நாமே கொடுக்கலாம்.

என்னிடம் இருப்பது பில், ஹப் பெட்டியின் படங்கள், மீட்பு மையம் தந்த அறிக்கை, சார்ஜரைப் பிடுங்கும்போது கார்டு மறைவதைக் காட்டும் ஒரு நிமிட வீடியோ. இதே பேச்சைக் கேட்டு, இதே மாதிரி முகவரி இல்லாத பெட்டியில் ஹப் வாங்கியவர்கள் திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் இருந்தால் பில்லைத் தூக்கி எறியாமல் எனக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள். உங்கள் பில்லையும் மனுவோடு சேர்த்துக் கொடுக்கிறேன்.