“30 மாநிலங்களில் செல்லும்” என்று விற்கப்படும் துப்பாக்கி அட்டை: வெர்ஜீனியாவில் இருப்பவர்கள் கவனத்திற்கு

“வீட்டில் இருந்தபடியே ஒரு மணி நேரம் படியுங்கள், 30க்கும் மேற்பட்ட மாநிலங்களில் கைத்துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லுங்கள்.” அமெரிக்காவின் வடக்கு வெர்ஜீனியாவில் இருக்கும் பலருக்கும் இந்த விளம்பரம் வந்திருக்கும். நானும் மனைவியும் பணம் கட்டினோம். நீங்கள் கட்டிவிடாதீர்கள்.

வந்து சேர்ந்தது ஒரு பளபளப்பான பிளாஸ்டிக் அட்டை. முன்பக்கம் என் புகைப்படம், கழுகு முத்திரை, பொன்னிறத்தில் மாநிலத்தின் பெயர். யார் பார்த்தாலும் அரசு கொடுத்தது என்றே நினைப்பார்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில், இது பயிற்சி முடித்ததற்கான அடையாளம் மட்டுமே, உரிமம் அல்ல என்று அச்சிட்டிருக்கிறார்கள்.

இங்கு வசிப்பவர்களுக்கு உரிமம் வழங்குவது சர்க்யூட் நீதிமன்றம். விண்ணப்பத்தோடு அவர்கள் தந்த சான்றிதழை நீட்டினேன். கவுன்ட்டரில் இருந்த பெண்மணி, ‘ஆன்லைன்’ என்று இருந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டிவிட்டுத் தாளை என் பக்கமே தள்ளினார். 2021 ஜனவரி 1 முதல் வெர்ஜீனியாவில் இணையவழிப் பயிற்சி செல்லாது; வகுப்பில் நேரில் கலந்துகொண்டிருக்க வேண்டும். சட்டம் மாறி இத்தனை காலம் ஆன பிறகும் அதே வகுப்பை விற்பவர்களுக்கு விவரம் தெரியாது என்று நான் நம்பத் தயாராக இல்லை.

பணத்தைவிட எனக்கு ஆத்திரம் தருவது அவர்கள் அனுப்பிய வரைபடம். அதில் மேரிலாந்துக்கும் நியூ ஜெர்சிக்கும், உரிமம் செல்லும் என்று காட்டும் பச்சை வண்ணம். நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குத் துப்பாக்கியோடு காரில் போகலாமா என்று தொலைபேசியில் கேட்டதற்கு, “தாராளமாக” என்றார் அவர்களுடைய ஆள். அப்பட்டமான பொய். அந்த இரண்டு மாநிலங்களும் வேறு எந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை.

ஷனீன் ஆலன் வழக்கைத் தேடிப் படியுங்கள். பென்சில்வேனியா உரிமம் வைத்திருந்த அவர், 2013இல் நியூ ஜெர்சியில் காரை நிறுத்திய காவலரிடம் துப்பாக்கி இருப்பதைத் தானாகவே சொன்னார். உடனே கைது, பல வாரங்கள் சிறை. குறைந்தது மூன்றரை ஆண்டுத் தண்டனை தலைக்கு மேல் தொங்கியது. 2015இல் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி அவருக்கு மன்னிப்பு வழங்கினார். உண்மையான உரிமம் இருந்தவருக்கே இந்தக் கதி.

பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்லும் உரிமை பற்றி 2022இல் வந்த உச்ச நீதிமன்றத்தின் ப்ரூயன் தீர்ப்புக்குப் பிறகு, மற்ற மாநில உரிமங்களை எல்லா மாநிலங்களும் ஏற்றாக வேண்டும் என்றும் அந்த ஆள் அளந்தார். அந்தத் தீர்ப்பு அப்படி எதையும் சொல்லவில்லை. யாருடைய உரிமத்தை ஏற்பது என்பதை இன்றும் ஒவ்வொரு மாநிலமும்தான் முடிவு செய்கிறது. யூட்டா மாநிலம் வெளிமாநிலத்தவர்களுக்கும் உரிமம் தருகிறது. ஆனால் கொலராடோவும் மிச்சிகனும், உரிமம் தந்த மாநிலத்திலேயே நீங்கள் வசித்தால் மட்டுமே அதை மதிக்கும். ஆகவே, கிளம்பும் முன் நீங்கள் நுழையப்போகும் மாநிலத்தின் காவல்துறை அல்லது அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) வெளியிடும் பட்டியலைப் பாருங்கள். விற்பவரின் வரைபடத்தை நம்பாதீர்கள்.

இன்னொன்று, இது மிக முக்கியம். அவர்களுடைய படிவத்தில் விசா பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எச்1பி விசாவில் இருப்பவர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதையே கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவருக்கும் இதே விளம்பரம் வந்திருக்கிறது. நல்லவேளை, அவர் பணம் கட்டவில்லை.

“சான்றிதழ் அனுப்பியாகிவிட்டது, சேவை முடிந்தது” என்று கூறிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். வெர்ஜீனியா அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பாதுகாப்புப் பிரிவில் புகார் கொடுத்திருக்கிறேன். உங்களிடமும் அந்த அட்டை இருந்தால், இரு பக்கங்களையும் படமெடுத்து, கட்டண ரசீதோடு நீங்களும் புகார் கொடுங்கள்.