வெள்ளைத் தோல் ஸ்னீக்கர்: 20 நாள் போட்டு நடந்த பிறகு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போய், பேரங்காடி ஒன்றில் 189 மலேசிய வெள்ளிக்கு (ரிங்கிட்) இந்தச் சப்பாத்தை வாங்கினேன். வெள்ளைத் தோல், ரப்பர் அடிப்பாகம், அளவு 38. பள்ளியில் காலை முழுக்க நின்றே பாடம் எடுப்பவள் நான். மாலையில் செம்பனைக் காட்டோரம் ஒரு மணி நேரம் நடப்பேன். இரண்டுக்கும் ஒன்றே போதும் என்று எடுத்தது. கடையில் போட்டபோதே குதிகாலில் இறுக்கம் தெரிந்தது. “போடப் போட இளகிடும் அக்கா” என்றார் விற்பனைப் பெண்.

முதல் நாளே தோட்டப் பாதையில் 4 கிலோமீட்டர் நடந்துவிட்டேன். அது என் தவறுதான். வீடு திரும்புவதற்குள் வலது குதிகாலில் 20 சென் காசு அளவுக்குக் கொப்புளம். அம்மா உட்கார வைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார். அந்தக் காலத்தில் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர் அவர். காலில் எப்போதும் கறுப்பு ரப்பர் சப்பாத்து, அடிடாஸ் கம்போங் என்று ஊரே சொல்லுமே, அது. “குதிகால் கடிச்சா பழகிடும். விரல் இடிச்சா திருப்பிக் குடுத்துடு” என்றார்.

எவ்வளவு சரியான பேச்சு! தோல் அகலத்தில் கொஞ்சம் இளகும், மடிப்பில் இளகும். நீளத்தில் ஒரு நூல்கூட நீளாது. எழுந்து நின்று அழுத்திப் பார்த்தேன். நீளமான கால்விரலுக்கு முன்னால் கைக் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தது. அதனால் வைத்துக்கொண்டேன்.

கடித்ததற்குக் காரணம் பின்பக்கக் கெட்டி விளிம்பு. ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலே எழும்பி இறங்க, அது ஒரே இடத்தில் உராய்கிறது. வேர்வையில் ஊறிய கால் சீக்கிரம் கொப்புளித்துவிடும், நம் ஊர்ப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். தடித்த பருத்திக் காலுறை காப்பாற்றும் என்று நினைத்தேன். அது வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்தது. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) 3 ஜோடி 10 வெள்ளிக்கு வாங்கிய மெல்லிய விளையாட்டுக் காலுறைதான் கைகொடுத்தது.

அதைவிடப் பெரிய உதவி கயிறு கட்டும் விதம். மேலே கடைசியாக உள்ள ஓட்டையில் கயிற்றை அதே பக்கமாக உள்ளே விட்டுச் சின்ன வளையம் வையுங்கள். இரண்டு பக்கமும் அப்படிச் செய்து, ஒரு பக்கக் கயிற்றை எதிர்ப் பக்க வளையத்துக்குள் நுழைத்து இறுக்குங்கள். குதிகால் எழும்பாது. எழும்பாவிட்டால் உராய்வும் குறையும்.

கொப்புளத்தை நான் உடைக்கவில்லை. ஆறும் வரை பழைய செருப்பு. அப்புறம் வீட்டுக்குள்ளே சிமெண்டுத் தரையில் தினம் 20 நிமிடம், பிறகு 40. சப்பாத்து கடித்த பிறகு பிளாஸ்டர் ஒட்டாமல், போடுவதற்கு முன்பே ஒட்டினேன். சூடான முடி உலர்த்தியைக் காட்டலாம் என்றான் மகன். வேண்டாம், அதிகச் சூட்டில் பசை விட்டுப்போகும்.

பன்னிரண்டாம் நாள் பள்ளிக்குப் போட்டுப் போனேன். மதியம் வரை வலி இல்லை. இப்போது 20 நாள். சுண்டுவிரல் பக்கம் தோல் நன்றாகவே இளகியிருக்கிறது, உள்மெத்தையைக் கழற்றிக் காயவைக்க முடிகிறது. ஆனால் மழை பெய்த சிமெண்டில் அடிப்பாகம் வழுக்குகிறது. 189 வெள்ளி கொடுத்த சப்பாத்தில் அது பெரிய குறை.

பொறுமையாகப் பழக்க நேரம் உள்ளவர்கள் இப்படிப்பட்ட தோல் சப்பாத்தை வாங்கலாம். இனிப்புநீர் (நீரிழிவு) உள்ளவர்கள் தயவுசெய்து வாங்காதீர்கள். கால் மரத்துப்போனவர்களுக்குக் கொப்புளம் வந்ததே தெரியாது, சின்னப் புண்ணும் ஆற நாளாகும். அம்மாவுக்கு இனிப்புநீர் இருக்கிறது. அவருக்குப் போட்ட உடனே மெத்தென்று இருக்கும் வலைத்துணிச் சப்பாத்துதான். நடந்து நடந்து கால் கொஞ்சம் வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் அவரையும் கூட்டிக்கொண்டு போய், போட்டுப் பார்த்து வாங்கப் போகிறேன்.